கிளிப்பு என்னோடது இல்ல

வண்டி வாங்கி இருபத்து மூன்றாம் நாள் அதன் வலது பக்க ஹெட்லைட்டு உடைந்தது. போடிமெட்டு டீக்கடைகளைத் தாண்டிச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு தோட்டக்காரர் வீட்டுக்கு ஏலக்காய் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், தூறலில், என் வண்டிக்கு முன்னால் ஒருவர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதில் என் ஹெட்லைட்டின் உடைசல்களைப் பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்.

என்னைக் கண்டதும் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. நனைந்த காக்கிச் சட்டை.

"வண்டி ஒங்களுதா தாயி?"

"ஆமா."

"நாந்தான் இடிச்சேன். ஜீப்பைப் பின்னாடி எடுக்கையில பட்டுருச்சு. கண்ணாடியும் உள்ள இருக்குற லைட்டும் என்னோடது." பிறகு குனிந்து, உடைந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். "இந்தா, கீழ லைட்டைப் பிடிச்சுக்குற கிளிப்பு ஒண்ணு இருக்கு பாருங்க, இது மாத்திரம் என்னோடது இல்ல. முன்னாடியே ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச எடத்துல மண்ணு ஏறியிருக்கு. இன்னைக்கு ஒடஞ்சதுன்னா மண்ணு இருக்காது."

அந்தக் கிளிப்பை உடைத்தது நான்தான். ஒன்பது நாளைக்கு முன்னால், போடியில் எங்கள் ஏலக்காய்க் கொட்டகை வாசலில் வண்டியை வளைத்து ஏற்றும்போது கேட்டின் தூணில் முட்டிவிட்டேன். வெளியே சின்னக் கீறல்தான். லைட்டு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

"இடிச்சதும் இல்லாம எனக்கே வெளக்கம் சொல்றீங்களா?" என்றேன்.

"இடிச்சதுனாலதான் சொல்றேன்."

அவர் கோபப்படவும் இல்லை, குழையவும் இல்லை. ஜீப்பில் இருந்த எஸ்டேட் ஆட்களை வேறு ஜீப்பில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார். நான் வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "வண்டி இங்கதான நிக்கிது. எப்படியும் வரத்தான செய்வீக," என்றார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போடியில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து விற்கிறவர்கள். என் வீட்டுக்காரர் கடையில் உட்காருவார். சிறு தோட்டக்காரர்களிடம் காய் வாங்க மலைக்குப் போவது நான். அதற்கு மேல், மெட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தேன். பஸ்சுக்கும் ஜீப்புக்கும் காத்து நின்று அலுத்துப் போய், நாற்பத்தோரு வயதில் லைசென்சு எடுத்துச் சிவப்பு நிறத்தில் ஒரு கார் வாங்கினேன். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் என் கொழுந்தனுக்கு இது பிடிக்கவில்லை. "மலை ரோட்டுல நீங்களே ஓட்டணும்னு என்ன மதினி? ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்ல," என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கீறல் விழுந்தால் போதும், சாவி கைமாறிவிடும் என்று எனக்குத் தெரியும். தூணில் முட்டியதை நான் மறைத்தது அதற்காகத்தான்.

ஐந்தரை மணிக்கே பனி இறங்கிவிட்டது. நான் வண்டியை எடுக்கப் போனேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒத்தை லைட்டுல எறங்காதீங்க. இடது பக்கம் மட்டும் எரிஞ்சா, எதுக்க வர்றவன் பைக்குன்னு நெனச்சு ஒங்க மேலயே ஏறிருவான். நான் முன்னாடி போறேன். என் பின்னாடியே வாங்க."

பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் ஜீப்பு எனக்கு முன்னால் போனது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வண்டி வந்தால் வலது கையை வெளியே நீட்டி நிற்கச் சொல்வார், போனதும் கையை வீசி வரச் சொல்வார். அன்றைக்கு என் மனசில் அவர் மேல் இருந்தது எரிச்சல். ஆனால் அந்தக் கையை மட்டும் முழுசாக நம்பித்தான் மலை இறங்கினேன்.

கொட்டகையில் கொழுந்தன் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஜீப்புக்காரர் மேல் பாய்ந்தார். புது வண்டி, கண் தெரியாதா, தூங்கிக்கொண்டே ஓட்டினாயா என்று வரிசையாகக் கேட்டார். ஜீப்புக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மேலே என்னிடம் சொன்னதையே திரும்பச் சொன்னார். கண்ணாடியும் லைட்டும் என்னோடது, கிளிப்பு என்னோடது இல்ல.

"ஏய்யா, எப்படிப் பாத்தாலும் முழு லைட்டையும்தான மாத்தணும். கிளிப்பும் அதோடதான வரும். அப்பறம் என்னத்துக்கு இந்தப் பேச்சு?" என்றார் கொழுந்தன்.

"மாத்துறது வேற, ஒடச்சது வேற. மாத்தித் தர்றேன். ஒடச்சேன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப கிளிப்பை ஒடச்சது யாரு?"

"அதை நான் பாக்கல," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் காய்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, "டீ போடச் சொல்றேன்," என்று உள்ளே போய்விட்டேன்.

தேனி ஷோரூமில் அந்த லைட்டு கைவசம் இல்லை, வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காய் எடுக்கும் பருவம். மூன்று வாரம் வண்டி சும்மா நின்றால் டிரைவர் பேச்சு மறுபடி கிளம்பும். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஜீப்புக்காரர் வந்தார். கையில் ஒரு பழைய லுங்கியில் சுற்றிய மூட்டை. பஸ்சேறி மதுரைக்குப் போய், விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளில் அலைந்து, அதே மாடலின் வலது பக்க லைட்டை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்திருந்தார். கிளிப்பு மூன்றும் முழுசாக இருந்தன.

அவரே மாட்டினார். மாட்டியதோடு விடவில்லை. வண்டியைக் கொட்டகைச் சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தச் சொன்னார். லைட்டைப் போட்டதும் சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. இடது வெளிச்சத்தின் மேல்விளிம்பில் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்தார். பிறகு பானெட்டைத் திறந்து, லைட்டுக்குப் பின்னால் இருந்த திருகை மெல்லத் திருப்பித் திருப்பி, வலது வெளிச்சத்தை அந்தக் கோட்டுக்கு இறக்கினார். "ஒசந்து அடிச்சா எதுக்க வர்றவனுக்குக் கண்ணு கூசும். அப்பறம் அவன் விழுந்தா அதுல ஒங்க பங்கும் இருக்கும்," என்றார்.

வேலை முடிந்து வாசலுக்குப் போனவர் கேட்டின் தூண் பக்கத்தில் நின்றார். சுண்ணாம்பு அடித்த தூணில், முழங்கால் உயரத்தில், சிவப்புப் பெயிண்ட் ஒரு விரல் நீளத்துக்கு இழுபட்டிருந்தது. நானே அதுவரை அதைக் கவனிக்கவில்லை. அவர் தூணைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்ண்ணே," என்றேன்.

"அது ஒங்க சோலி தாயி. அதுல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கொழுந்தனைக் கூப்பிட்டுத் தூணைக் காட்டினேன். அவர் குனிந்து அந்தச் சிவப்பைத் தடவிப் பார்த்தார். "தூணு நகராமத்தான நின்னுச்சு மதினி?" என்று கேட்டார். ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தார். ஆனால் சாவி என்னிடமேதான் இருந்தது. ஒளித்து வைத்திருந்த நாட்களில் பயந்த அளவுக்குச் சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகு மலையில் அந்த ஜீப்புக்காரரை அடிக்கடி பார்த்தேன். ஓர் எஸ்டேட்டின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார், மாலையில் இறக்கி வருவார். எனக்கு வேலை செய்கிற பெண்கள் சொல்லித்தான் அவரைப் பற்றிப் பல விஷயங்கள் தெரியவந்தன. டீக்கடையில் யாரோ தோளில் இடித்து அவர் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தால், "டீ கொட்டுனது அவரு, கிளாசை வழுக்குற மாதிரி பிடிச்சது நான்," என்பாராம். மகள் கணக்கில் தோற்றபோது பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம், "நடு வருசத்துல வீடு மாத்துனேன், அதுல பதினஞ்சு நாளு அவ வரல. அது என்னோடது. மிச்சம் அவளோடது. அவளைத் திட்டும்போது அதைக் கழிச்சுட்டுத் திட்டுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாராம். பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரிக்க முடியாத ஒன்றை அவர் மனைவியே என்னிடம் சொன்னார். ஒரு பருவம் எங்கள் கொட்டகைக்கு வேலைக்கு வந்திருந்தார். அந்த அம்மாவின் தாயார் காய்ச்சலில் இறந்துபோனார். இழவு வீட்டில் எல்லாரும் விதி என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஜீப்புக்காரர் எழுந்து, "ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளு முன்னாடி கூட்டிட்டுப் போயிருக்கணும். அன்னைக்கு லோடு இருக்குன்னு நான் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு நாளு என்னோடது," என்று சொல்லியிருக்கிறார். மைத்துனர்கள் இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அதைச் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா," என்றார் அந்த அம்மா. "எனக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்ச பெறகு அவரு மூஞ்சியப் பாக்கையில எல்லாம் அந்த ஒரு நாளு நடுவுல வந்து நிக்கிது. நல்ல மனுசந்தான். ஆனா கூட இருக்குறது கஷ்டம்."

ஒருவர் தன் பங்கைச் சரியாகச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடுகிறது என்று நான் நினைத்திருந்தேன். கேட்பவர்களுக்கு அது முடிவதில்லை.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் அந்த விபத்து நடந்தது. விடாத மழைக்குப் பிறகு ஒரு நாள் வெளுத்திருந்தது. என் தோட்டத்தில் காய் முற்றி நின்றது. மூன்று பெண்களை மேலே அனுப்ப வேண்டும். எனக்கோ அன்று காலையில் கடையை விட்டு நகர முடியாத வேலை. அவர்களைப் பஸ் நிறுத்தம் வரை கூட்டிப்போனபோது அங்கே அவர் ஜீப்பு நின்றது.

"அண்ணே, இந்த மூணு பேரையும் ஏத்திக்கங்க."

"ஏற்கெனவே பதிமூணு பேரு தாயி. எடமில்ல."

"மழை மறுபடி பிடிச்சுரும்ண்ணே. வெரசா போகணும். இன்னைக்கு ஒரு நாளு மட்டும்."

அவர் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். மூவரில் பேச்சியம்மா கடைசியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. என்னிடம் வேலை செய்பவர்களிலேயே கை வேகம் அவருக்குத்தான்.

ஒன்பதாவது வளைவில் காலைப் பனிக்குள்ளிருந்து ஒரு லாரி நடுச்சாலையில் இறங்கி வந்தது. ஜீப்புக்காரர் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கம் ஒடித்திருக்கிறார். ஜீப்பு சாக்கடைக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பதினாறு பேரும் உயிரோடு வந்தார்கள். பேச்சியம்மாவுக்கு மட்டும் தொடையெலும்பு முறிந்துவிட்டது.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் ஜீப்புக்காரர் இருப்பதாகத் தகவல் வந்தது. கிளம்பினேன்.

"நீங்க எதுக்கு மதினி அங்க?" என்றார் கொழுந்தன். "நம்ம ஆளு மூணு பேரு இருந்தது யாருக்கும் தெரியாது. எல்லாம் எஸ்டேட் ஆளுன்னுதான் எழுதியிருக்காங்க. பேச்சியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேணுமோ பாத்துக்குவோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் வண்டியை எடுத்தேன்.

ஸ்டேஷன் வராந்தாவில் எஸ்டேட் மேனேஜர் ஜீப்புக்காரரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மலையாளத்துக்காரர். மலை எஸ்டேட்காரர்கள் பலரையும் போலத் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "எல்லாரையும் நீயா ஏத்துனேன்னு பறஞ்சா போதும். வக்கீலை எஸ்டேட்டே வச்சுத் தரும். மக படிப்பையும் நோக்கிக்கலாம்."

"என்னோடது எதுவோ அதைச் சொல்றேன் சார். ஒங்களோடதையும் சேத்து நான் சொமக்க முடியாது," என்றார் அவர். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது.

உள்ளே எழுத உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டார், அவர் சொன்னார். "ஒம்பது பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் ஏத்துனேன். வளைவுல ஆரன் அடிக்க மறந்துட்டேன். இது ரெண்டும் என்னோடது. லாரி நடு ரோட்டுல வந்தது என்னோடது இல்ல. ஒரே ஜீப்புல அம்புட்டுப் பேரையும் கொண்டாந்துரணும்னு சொன்னதும் என்னோடது இல்ல."

"யாரு சொன்னா?"

"அதைச் சொன்னவுகதான் சொல்லணும்."

மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். மூன்று பெண்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"சார், அதுல மூணு பேரு என் ஆளுக. எடமில்லன்னு இவரு சொன்னாரு. கெஞ்சி ஏத்தி விட்டது நான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க பேரைச் சொல்லுங்கம்மா," என்று எழுதத் தொடங்கினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எஸ்டேட் பெண்களில் ஒருத்தி எழுந்து வாசலுக்கு வந்தாள். "ஏழு மணிக்கு மேல வந்தா அன்னைக்குப் பேரும் கெடையாது, கூலியும் கெடையாதுன்னு எஸ்டேட்டுல சொல்லியிருக்காக சார். அதான் எல்லாரும் ஒரே ஜீப்புல ஏறிக்கிறோம்," என்றாள். அடுத்தவளும் எழுந்தாள். அதற்கு மேல் மேனேஜரால் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எஸ்டேட்டும் நானும் பேச்சியம்மாவின் வைத்தியத்தை ஏற்றுக்கொண்டோம். அடுத்த மாதத்திலிருந்து காலையில் இரண்டு ஜீப்பு ஓடியது. அவர் லைசென்சை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எஸ்டேட் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. என்னிடம் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "வேணாம் தாயி, ஒங்க பேரைச் சொல்லாம இருந்ததுக்குக் கூலி வாங்குன மாதிரி ஆயிரும்," என்றார். பிறகு குடும்பத்தோடு ராஜபாளையம் பக்கம் போய்ப் பள்ளிக்கூட வேன் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் மனைவியும் கூடத்தான் போனார். நான்கு வருடம் ஆகிறது. அந்த வேனில் போகிற பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் சொல்கிற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த அன்று அவரை என் வண்டியிலேயே தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியில் பஸ் நிறுத்தத்துப் பழக்கடையில் ஆரஞ்சு வாங்கினார். அதன் பிறகு வழியெல்லாம் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது.

பேச்சியம்மா கட்டிலில் கிடந்தார். காலைத் தூக்கிக் கட்டி, முனையில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். ஜீப்புக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றார்.

"அக்கா, ஒங்க காலு ஒடஞ்சதுல என்னோடது..."

"நிறுத்து," என்றார் பேச்சியம்மா. "என்னோடது இம்புட்டு, எஸ்டேட்டோடது இம்புட்டுன்னு சொல்லப் போற, அதான? காலு மொத்தமும் என்னோடது அப்பு. வலியும் மொத்தம் என்னோடது. இதைப் பங்கு வச்சு நான் என்ன செய்யப் போறேன். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காரு. கையில என்ன, ஆரஞ்சா? உரி."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தோலை உரித்தார். சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரை எடுத்து, கொட்டையைப் பிதுக்கித் தள்ளி, ஒவ்வொன்றாகப் பேச்சியம்மாவின் கையில் வைத்தார். மூன்றாவது சுளை அவர் விரலுக்குள் நசுங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணத் தொடச்சுட்டு உரி," என்றார் பேச்சியம்மா. "சாறெல்லாம் பெட்டுல வடியுது பாரு."

அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த பழத்தை எடுத்தார்.